சாரம் போதாது

கிரேக்கத் தத்துவம் பற்றிய என் நூலை அச்சுக்குக் கொடுத்தபோது, பக்க ஓரத்து எண்களை எடுத்துவிடலாம் என்றார் பதிப்பாசிரியர். வாசகர் மிரண்டுவிடுவாராம். ஒவ்வோர் உரையாடலுக்கும் முன்னால் பத்து வரியில் சாரமும் வேண்டுமாம். இரண்டுக்கும் மறுத்துவிட்டேன். ஆயுள் முழுக்க பிளேட்டோவைப் பாடம் நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா இது?

அந்த ஓரத்து எண்கள், பிளேட்டோவின் நூல்களை 1578-இல் ஜெனீவாவில் ஸ்டெஃபானஸ் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்கள். ‘ஃபீட்ரஸ்’ என்ற உரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ஃபீட்ரஸ் 228’ என்றால் எந்த மொழியில் எந்தப் பதிப்பைத் திறந்தாலும் ஒரே இடம்தான். அவற்றை நீக்கிவிட்டால் நான் சொல்வதை வாசகர் சரிபார்க்க வழியில்லை; நம்பித்தான் ஆகவேண்டும். தத்துவத்துக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

‘ஃபீட்ரஸ்’ நூலில் இப்போது எல்லாருக்கும் தெரிந்தது 275 மட்டும்தான். சாக்ரடீஸ் சொல்லும் கதை ஒன்றில், எழுத்து மறதியையே வளர்க்கும் என்று தெயுத் தெய்வத்திடம் தாமுஸ் மன்னன் சொல்லும் இடம். இதை வைத்துக்கொண்டு, சாக்ரடீஸே புத்தகத்தை மதிக்கவில்லை என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். நானும் இந்த முடிச்சோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவன்தான். எழுத்தைக் குறைசொல்லும் ஒரு நூலை பிளேட்டோ ஏன் இத்தனை அழகாக எழுதவேண்டும்?

விடை 228-இலேயே இருக்கிறது. பேச்சாளர் லிசியாஸின் உரையைக் கேட்டுவிட்டு ஏதென்ஸ் மதிலுக்கு வெளியே நடக்கிறான் ஃபீட்ரஸ். எதிர்ப்பட்ட சாக்ரடீஸிடம், சொல்லுக்குச் சொல் மனப்பாடம் இல்லை, சாரத்தை வரிசையாகச் சொல்கிறேன் என்கிறான். அவர் விடவில்லை. மேலாடைக்குள் இடது கையில் இருப்பதை முதலில் காட்டு என்கிறார். சுருள் வெளியே வருகிறது. இலிசஸ் ஆற்றங்கரை மர நிழலில் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். பிறகு தொடக்க வரிகளை மறுபடியும் வாசிக்கச் சொல்கிறார், ஒருமுறையல்ல, இருமுறை. அப்போதுதான், கடைசியில் வரவேண்டியதை லிசியாஸ் முதலில் வைத்திருப்பது பிடிபடுகிறது. ஃபீட்ரஸ் சொல்லவிருந்த சாரத்தில் இந்தக் குறை தெரிந்திருக்குமா? புத்தகம் தானாகப் பதில் சொல்லாது என்பது 275. அதை எப்படிக் குறுக்குவிசாரணை செய்வது என்பது அதற்கு முந்தைய பக்கங்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர் எதையும் படிக்கவில்லை.

எழுதுவதும் இதே வேலைதான். பிளேட்டோ இறந்தபின் கிடைத்த ஒரு பலகையில், ‘குடியரசு’ நூலின் முதல் சொற்களைப் பலவிதமாக மாற்றி மாற்றி எழுதிப் பார்த்திருந்தாராம்; ஹாலிகார்னாசஸ் ஊர் டயோனிசியஸ் சொல்லும் செய்தி இது. பிரேயஸ் துறைமுகத்துக்குப் போனேன் என்று சொல்வதற்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். ஒரு வாக்கியத்தை இடம் மாற்றியதும் வாதம் முழுவதும் நிமிர்ந்து நிற்கும். அந்தச் சுகத்துக்காகவே நான் எழுதுகிறேன்.

இன்றைக்குப் பாடம் நடத்துகிறவர்களே வினா-விடைக் குறிப்பைப் புரட்டிவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். கேட்டால் நேரமில்லை என்கிறார்கள். ‘ஃபீட்ரஸ்’ ஓர் இரவில் வாசித்து முடிக்கக்கூடிய சிறு நூல். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, வாய்விட்டு, கூட ஒருவரை வைத்துக்கொண்டு வாசியுங்கள். அதன்பிறகு சாக்ரடீஸ் புத்தகத்துக்கு எதிரி என்று தோன்றினால், எண்ணைக் குறிப்பிட்டு வாதத்துக்கு வாருங்கள்.