லேக் வியூ ரோட்டுல லேக் எங்கே?

மேற்கு மாம்பலத்துக்கு என்னைப் பார்க்க வர்றவங்க தவறாம கேக்கிற கேள்வி இது. ஜோக் இல்லீங்க, நிஜமாவே ஏரி இருந்துது. நுங்கம்பாக்கத்துலேர்ந்து சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் நீளமா கிடந்த ஏரி. 1920-கள்ல அதை வத்த வெச்சுதான் தி.நகரை உண்டாக்கினாங்க. ஏரி போச்சு, ரோட்டுக்குப் பேரு மட்டும் மிச்சம்.

சரி, ஊரைத் திட்டறதுக்கு முன்னாடி என் யோக்கியதையைச் சொல்லிடறேன்.

எங்க அபார்ட்மெண்ட்ல எட்டு வீடு. பின்பக்கம் கொஞ்சம் மண் தரை, ஒரு வேப்பமரம். மழை பெஞ்சா சேறு. 2012-ல அசோசியேஷன் செகரட்டரியா இருந்த அடியேன்தான், "சிமெண்ட் போட்டுட்டா நாலு கார் நிறுத்தலாம்"னு தீர்மானம் கொண்டு வந்தேன். கீழ் வீட்டு மாமி மட்டும், "ஏம்ப்பா, மண்ணை மூடிட்டா தண்ணி எங்க போகும்?"னு கேட்டாங்க. ஏழுக்கு ஒண்ணு. தீர்மானம் பாஸ். மரத்தைச் சுத்தி ஒரு சாண் விட்டு மத்ததெல்லாம் சிமெண்ட்.

தண்ணி எங்க போச்சு? மாமி வீட்டுக்குத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லலை. அடையாறு கரை தாண்டினதுக்கு எங்க சிமெண்ட் மேல பழி போட முடியாது. ஆனா சாதாரண மழைக்கே சமையலறை வாசப்படியில தண்ணி நின்னுது. வெயில் காலத்துல ராத்திரி பத்து மணிக்கும் அந்தத் தரை கொதிச்சுது. மாமி ஒரு தடவைகூட "நான் அப்பவே சொன்னேனே"ன்னு சொல்லலை. சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

2019-ல நிலைமை தலைகீழ். நாலு வருஷம் முன்னாடி படகு ஓட்டின ஊருக்கு, ஜூலையில ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துது. எங்க போர்ல காத்துதான் வந்துது. 2003-லயே கட்டாயமாக்கின மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் திறந்து பார்த்தா, பூரா தூர்ந்து கிடக்கு. லாரி வரும்போது மாமி குடத்தோட வரிசையில நின்னாங்க. அன்னிக்குத்தான் உறைச்சுது. பெஞ்ச மழையைச் சாக்கடைக்கு விரட்டிட்டு, லாரிக்குக் காசு கொடுத்துகிட்டு இருக்கோம்!

மறுபடி தீர்மானம் கொண்டு வந்தேன், சிமெண்ட்டை உடைக்க. "காரை எங்க சார் நிறுத்தறது?" முதல் தடவை தோத்தேன். அடுத்த தடவை என் கார் இடத்தையே விட்டுக்கொடுத்தேன். பாதி தரையை உடைச்சு, ஒரு உறைக்கிணறு இறக்கி, மொட்டைமாடித் தண்ணியை அதுல விட்டோம்.

பெரிய சாதனைன்னு மார் தட்டலை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ தெருத் தண்ணி உள்ள வரத்தான் செஞ்சுது. அந்த மாதிரி மழையைத் தாங்கறதுக்குப் பள்ளிக்கரணை மாதிரி சதுப்பு நிலம் வேணும். அதுல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குதான் மிச்சம். 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்திருக்கு, மிச்சமாவது பிழைக்கட்டும். ஆனா சாதாரண மழைக்கு மாமி வீட்டு வாசப்படி இப்ப நனையறதில்லை.

உடைச்ச இடத்துல மாமி வெண்டை போட்டிருக்காங்க. போன வாரம் எனக்கும் ஒரு கை வந்துது. என் கார் தெருவுல வெயில்ல காயுது :-)

உங்க வீட்டுப் பின்பக்கம் மண் இருக்கா மக்களே? இருந்தா மூடிடாதீங்க. மூடியாச்சுன்னா, கடப்பாரை நான் தர்றேன்.