புதுக் கயிறு

ஆடிக் காற்றுக்குக் கோபியைத் தாண்டியதுமே பேருந்தின் ஜன்னல்கள் தடதடக்கத் தொடங்கின. மடியில் துணிப்பை, அதற்குள் 90,000 ரூபாய். பக்கத்து இருக்கையில் பாய் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஊட்டி படகு இல்லத்துக்கு வெளியே நாற்பது வருடம் சவாரிக் குதிரை வைத்திருந்தவர். எனக்குப் பதினேழு வயதில் முதல் கடிவாளத்தைக் கையில் கொடுத்தவரும் அவர்தான். "சந்தையில வாயத் திறக்காத பாப்பா, கண்ண மட்டும் திற" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர், அத்தாணி பக்கம் பவானி ஆற்றைக் கடக்கும்போதுதான் எழுந்தார்.

பதினான்கு வருடமாகக் குதிரைகளோடுதான் இருக்கிறேன். ஒன்றுகூட என்னுடையதில்லை. ஊட்டியில் பாயின் குதிரைகள். பிறகு கோவையில் ஒரு சவாரிப் பள்ளியில் முதலாளியின் குதிரைகள். வயிற்றுவலி வந்த குதிரையை விடியவிடிய நடத்தியிருக்கிறேன். ஆனால் மருத்துவரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவெடுத்தது எப்போதும் இன்னொருவர். ஒருமுறை தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் விடுப்பில் போய்த் திரும்பினால், மூன்று வருடம் நான் பழக்கிய குதிரையின் லாயம் கழுவிக் காயப்போட்டிருந்தது. விற்றுவிட்டார்களாம். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அவர்கள் குதிரை, அவர்கள் விற்றார்கள். அன்றைக்குச் சேர்க்க ஆரம்பித்த பணம்தான் அந்தத் துணிப்பையில் இருந்தது.

அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில். ஆடித் திருவிழாவுக்குச் சாமி வனக்கோயிலுக்குப் புறப்படும்போது சந்தையும் கூடிவிடும். திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் ரேக்ளாக்காரர்கள், மீதிப்பேர் செல்பிக்காரர்கள். ஒரு பக்கம் செந்நிறத்தில் வெள்ளைத் திட்டோடு பர்கூர் மலைமாடுகள் வரிசையாக நின்றன. அதைத் தாண்டினால் குதிரைகள். காது நுனிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடும் மார்வாரிகள், கத்தியவாரிகள், பால்வெள்ளையில் நொக்ராக்கள், வண்டிக்குப் பழக்கிய நாட்டுக்குதிரைகள். தப்பு அடிக்க அடிக்க ஒரு நாட்டியக் குதிரை கயிற்றுக் கட்டில்மேல் ஏறி நின்று காலை மாற்றி மாற்றி வைத்தது. கூட்டம் விசில் அடித்தது. எனக்கு அந்தக் கட்டிலின் கால்கள்மேல்தான் கண்.

"இதெல்லாம் ஒண்ணுமில்ல. முன்னால எங்க பாத்தாலும் குதிரைதான்" என்றார் பாய். கிழவர்கள் எல்லாச் சந்தையைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கணக்கும் அவர் பக்கம்தான். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் 3.4 லட்சமாகிவிட்டன.

அடுத்தவருக்குக் குதிரை பார்ப்பதில் எனக்குத் தயக்கமே இருந்ததில்லை. கெட்டித் தரையில் ஓடவிட்டுத் தலையைப் பார்ப்பேன். முன்னங்காலில் நோவு இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். குளம்பில் சூடு இருக்கிறதா என்று புறங்கையால் தொடுவேன். 'வேண்டாம்' என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். அன்றைக்கு என் பணத்தோடு நின்றபோது ஒவ்வொரு குதிரையும் நல்லதாகவே தெரிந்தது, அடுத்த நொடியே ஒவ்வொன்றும் ஏமாற்றாகவும் தெரிந்தது. மத்தியானத்துக்குள் பதினொரு குதிரை பார்த்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேதான் அந்தச் செவலைப் பெட்டை நின்றது. பத்தடி தள்ளித் தப்பு அதிர்ந்துகொண்டிருக்க, ஒரு பின்னங்காலை மடக்கி, கீழுதடு தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. பிடரி முடியும் இடத்தில், சேணம் உட்காரும் முதுகு மேட்டில், இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை முடி. பொருந்தாத சேணம் அழுத்திப் புண்ணாகி ஆறினால் அந்த இடத்தில் முடி வெள்ளையாகத்தான் முளைக்கும். பல வருடம் யார் யாரையோ சுமந்திருக்கிறது.

"கல்யாண ஊர்வலம், கோயில் விசேசம்னு போயிட்டிருந்ததுங்க அம்மிணி. மேளச் சத்தமெல்லாம் அதுக்குத் தாலாட்டுங்க. வயசு ஆறுதானுங்க" என்றார் தாராபுரத்துக்காரர்.

வாயைத் திறந்து பார்த்தேன். கீழ் வெட்டுப்பற்களில் குழி ஒன்றில்கூட இல்லை. அதுவே எட்டைத் தாண்டியதற்கு அடையாளம். உதட்டைத் தூக்கி மேல் ஓரப்பல்லைப் பார்த்தால், ஈறை ஒட்டி நகக்கீறல் மாதிரி ஒரு பழுப்புக் கோடு. பத்து வயதில்தான் அது தலைகாட்டும். பதினைந்தில் பாதிப் பல்லுக்கு இறங்கும், இருபதில் முழுப் பல்லுக்கும்.

"இன்னும் பத்து வருசம் கழிச்சும் ஆறுதான் சொல்வீங்களா அண்ணா?" என்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது மறந்துபோய்விட்டது. அவர் கோபிக்கவில்லை, சிரித்தார்.

விலை ஏன் இறங்கியிருந்தது என்பதற்கு வேறு காரணம். நெற்றியில் சுழி சரியில்லையாம். காலையிலிருந்து மூன்று பேர் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். எனக்குச் சுழியில் நம்பிக்கை இல்லை. அதற்காக அன்றைக்கு யாரோடும் வாதாடவில்லை.

சாதுவாக நிற்கும் குதிரையைச் சந்தையில் உடனே நம்பவும் முடியாது. ஊசி போட்டும் நிறுத்துவார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தோம், அப்படியே நின்றது. விடுதியில் கொசுக்கடியில் புரண்டுவிட்டு விடிகாலையில் மறுபடி போனோம். குதிரை விழித்திருந்தது, புல் மென்றுகொண்டே என்னை ஒரு காதால் மட்டும் கவனித்தது. ஓடவிட்டேன். தலை ஆடவில்லை. வேறு யாருக்காவது என்றால் 'வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள்' என்றிருப்பேன்.

பாய் தோள் துண்டை எடுத்து உதறினார். தரகர் கையும் பாய் கையும் அதற்குள் போயின. விரல்கள் என்ன பேசின என்று எனக்குத் தெரியாது. முகங்களைத்தான் பார்த்தேன், இரண்டும் சுவர் மாதிரி இருந்தன. ஒரு கட்டத்தில் தரகர் கையை உருவப் பார்த்தார், பாய் விடவில்லை. பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "எழுவத்தி ரெண்டு. எண்ணிக் குடு" என்றார்.

பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட தாராபுரத்துக்காரர், குதிரையின் முகக்கயிற்றைக் கழற்றித் தன் கையில் சுற்றிக்கொண்டார். "கயிறு தர்ற வழக்கம் இல்லீங்க அம்மிணி."

எனக்குத் தெரிந்த வழக்கம்தான். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் கயிறு கொண்டுபோகவில்லை. பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூடக் கையில் கயிறு இல்லாமல் இருந்ததில்லை, அதனால் வாங்கவேண்டிய பொருளாக அது மனதில் பதியவே இல்லை போலிருக்கிறது. பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டை முறுக்கிக் குதிரையின் கழுத்தில் போட்டுப் பிடித்துக்கொண்டு, "ஓடு" என்றார். மணியும் சாட்டையும் தொங்கிய கடைகளுக்கிடையே ஓடினேன். நைலான் வேண்டாம், உருவினால் கையைச் சுடும். நூல் கயிறு ஒன்றும் முகக்கயிறு ஒன்றும் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தபோது, குதிரை பாயின் சட்டைப் பையை முகர்ந்துகொண்டிருந்தது. புதுக் கயிற்றில் கஞ்சி வாசனை. முடிச்சுப் போட என் விரல்களுக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது.

பிக்கப் வண்டியில் மணல் பரப்பி ஏற்றினோம். அன்னூர் பக்கம் ஒரு தோட்டத்தில் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையை வாடகைக்கு எடுத்திருந்தேன். சந்தையில் பல ஊர்க் குதிரைகளோடு நின்றது என்பதால் மூன்று வாரம் வேறு குதிரை பக்கத்தில் வரக் கூடாது. கிளாண்டர்ஸுக்கு ரத்தப் பரிசோதனையும் பாக்கி. அது மனிதருக்கும் தொற்றுகிற நோய். பாய் அங்கிருந்தே ஊட்டி பஸ் ஏறிவிட்டார்.

இரவு ஒன்பது மணிக்கு அரை வாளித் தண்ணீர் குடித்தது. கொள்ளைத் தொடவில்லை. பிரயாணக் களைப்பில் குடல் நின்றுவிட்டால் ஆபத்து. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. பத்து மணிக்கு வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன், பன்னிரண்டுக்கு ஒருமுறை, ஒன்றரைக்கு ஒருமுறை. மருத்துவரின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடலாமா என்று யோசித்தேன். கேட்க ஆள் இல்லை.

மூன்றேகாலுக்கு இருட்டில் பொத்பொத்தென்று லத்தி விழுந்தது. பாய்க்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"போட்டுடுச்சு பாய்."

"எத்தன உருண்டை?"

"பாக்கல."

"போய் எண்ணு. ஈரமா, காஞ்சிருக்கான்னும் பாரு. நான் லைன்லயே இருக்கேன்."

டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்பக் கொட்டகைக்குள் போனேன்.