கொல்லிமலை அடைக்கோழிகள்

நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் அடைக்கோழியைப் பார்ப்பது அபூர்வம். வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகளிடம் அந்தக் குணம் அநேகமாகப் போய்விட்டது. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போனால், திண்ணைக் கூடையில் நாட்டுக்கோழி சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அடையில் இருக்கும் கோழி முட்டையிடாது. முட்டைக் காசை நம்பும் வீட்டுக்கு அது நஷ்டம்தான். அதற்காகத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகு குத்துவதும் வதை. வயிற்றுச் சூடு தணிந்தாலே போதும். அடியில் கம்பிவலை போட்ட கூண்டை நிழலில், காற்றுப்படத் தொங்கவிட்டுக் கோழியை உள்ளே விடுங்கள். தீனி, தண்ணீர் வையுங்கள். பெரும்பாலும் 3, 4 நாளில் தெளிந்துவிடும்.

எல்லாக் கோழியையும் தெளிய வைத்துவிடாதீர்கள். இன்குபேட்டர் இல்லாத வீட்டில் அடுத்த ஈட்டுக் குஞ்சுகள் அதன் வயிற்றுக்கடியில்தான். போன ஈட்டில் பருந்துக்குக் கொடுக்காமல் குஞ்சுகளைக் காத்த கோழிக்கு 10, 12 முட்டை வையுங்கள். 21 நாளில் குஞ்சு வெளிவரும்.