பொத்தானும் கண்ணாடியும்

ஓசூர் வட்டாரத்தில் வாழும் நமக்குப் பொத்தான் புதிய பொருளன்று. 1980ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் இவ்வூர் ஆலையிலிருந்து சாலைக்கு வந்தது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரமும் இங்கே உருப்பெற்றது. வண்டியின் ஒலிப்பான் விசையையும் கடிகாரத்தின் பக்கத்துத் திருகையும் கண்ணை மூடிக்கொண்டே தொட்டுணரலாம். அழுத்தினால் உள்வாங்கும், விட்டால் எழும்பும், 'ஆயிற்று' என்று விரலுக்கு விடை சொல்லும். அந்த விடையைக் கேட்டே பழகிய விரல்கள் நம் ஊர்த் தொழிலாளரின் விரல்கள்.

இன்று இதே கிருட்டினகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டை வட்டத்துத் திம்ஜேப்பள்ளியை அடுத்துள்ள டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐஃபோன் கைப்பேசியின் உறைகள் உருவாகின்றன. எல்லைக்கு அப்பால், கோலார் மாவட்டத்து நரசாபுராவில் கைப்பேசியை முழுமையாகக் கோக்கும் ஆலையை விஸ்டிரான் நிறுவனத்திடமிருந்து வாங்குவதாக 2023இல் டாட்டா நிறுவனத்தார் அறிவித்தனர். ஆக, உலகம் கையில் ஏந்தும் பொருளின் ஒரு பகுதி நம் மண்ணிலிருந்து செல்கின்றது. பணியாளரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பணி முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் அவர்கள் கையில் எடுப்பதும் கைப்பேசியே. விலை குறைந்த வேறொரு கைப்பேசி என்பது மட்டுமே வேறுபாடு. அதில் அவர்கள் விளையாடுகின்றனர். நம் இல்லங்களில் பிள்ளைகளும் விளையாடுகின்றனர். எவ்வளவு நேரம் விளையாடுகின்றனர் என்று நாம் கணக்குப் பார்க்கிறோம். எதன்மேல் விளையாடுகின்றனர் என்று பார்ப்பதில்லை. அதைச் சற்றுப் பார்ப்போம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாம்பு விளையாட்டை அறியாதவர் இருக்கமாட்டார். பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனத்தில் பணியாற்றிய தனேலி அர்மான்டோ என்பவர் அதை அமைத்தார். 1997இல் நோக்கியா 6110 கைப்பேசியில் அது வெளிவந்தது. திரையோ குறுக்கே 84, நெடுக்கே 48 புள்ளிகளே கொண்டது. எண் விசைகளில் 2 மேலே, 8 கீழே, 4 இடப்புறம், 6 வலப்புறம். நடுவிலுள்ள 5இன்மேல் ஒரு சிறு மேடு உண்டு; அதைத் தடவிய கட்டைவிரல், தான் எங்கே இருக்கிறோம் என்பதை உடனே அறிந்துகொள்ளும். பாம்பு ஏன் நேர்கோட்டில் மட்டும் ஓடிச் செங்கோணத்தில் மட்டும் திரும்பிற்று? நான்கு விசைக்கு நான்கு திசை என்பதனால். விசைப்பலகையே அந்த விளையாட்டைப் பெற்றெடுத்தது என்று கூறினாலும் தவறாகாது.

2003இல் வந்த நோக்கியா 1100 நம் மக்களின் கைப்பேசியாயிற்று. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. எடை 86 கிராம். தூசி புகாதபடி விசைகளின்மேல் ஒரே இரப்பர்ப் போர்வை. தலையில் ஒரு விளக்கு. திருப்பெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா ஆலையில் நம் பக்கத்துப் பெண்கள் சிலரும் பணியாற்றி, திருமணச் செலவுக்குச் சேமித்துத் திரும்பினர்.

நம் தமையனார் கிருட்டினகிரிப் பக்கத்துக் கருங்கல் பட்டறைகளில் முப்பது ஆண்டுகள் கல்லை அறுத்தும் மெருகேற்றியும் வந்தவர். அவருடைய விரல் நுனிகள் காய்த்து, வெடித்து, இரேகையும் தேய்ந்து போயிருக்கும். அவரிடம் ஒரு 1100 இருந்தது. இரவு உணவுக்குப் பின் அவரும் மகளும் மாறி மாறிப் பாம்பை ஓட்டுவர். யார் பாம்பு நீளம் என்பதில் வழக்கு ஓயாது. அக்காய்த்த விரலின் அழுத்தத்தை அந்த இரப்பர் விசை ஒருபோதும் மறுத்ததில்லை.

பின்னர் வீட்டிற்குக் கண்ணாடிக் கைப்பேசி வந்தது. முதல் ஐஃபோன் 2007இல் வெளிவந்தபோது அதன் முகத்தில் ஒரே ஒரு பொத்தான் எஞ்சியிருந்தது. மற்றவை எல்லாம் திரைக்குள் படங்களாயின. ஏனையோரும் அவ்வழியே சென்றனர். இக்கண்ணாடியின் அடியில் கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்திப் படலம் ஒன்று வலைபோல் விரிந்திருக்கிறது. ஈரப்பதமுள்ள தோல் அருகில் வந்தால் அவ்விடத்து மின்னேற்றம் சிறிது மாறும். அந்த மாற்றத்தையே கருவி 'தொடுதல்' என்று கொள்கிறது. அழுத்தம் அதற்கு ஒரு பொருட்டன்று. ஆகவே தடித்து உலர்ந்த தோலை அது சில வேளை உணர்வதே இல்லை. தமையனார் அழுத்தினார், ஒன்றும் நிகழவில்லை. இன்னும் வன்மையாக அழுத்தினார். மகள், "அப்பா, உங்க விரலை இதுக்குத் தெரியலை" என்றாள், சிரித்துக்கொண்டே. அவரும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து உணவுக்குப் பின் திண்ணைக்குச் சென்றுவிடுவது அவர் வழக்கமாயிற்று. விளையாட்டினின்று ஒரு மனிதரை எவரும் விலக்கவில்லை, கண்ணாடி விலக்கியது.

இது ஒருவர் குறை என்று தள்ளலாம். இளைஞர் நிலையையும் எண்ணிப் பாருங்கள். பொத்தானின்மேல் விரலை வைத்து இளைப்பாறலாம். அழுத்தினாலன்றி அது செயற்படாது. கண்ணாடியில் வைப்பதே அழுத்துவது. எனவே கட்டைவிரல் எப்போதும் ஒரு நூலளவு மேலே, அந்தரத்தில் நிற்க வேண்டும். மேலும், பொத்தானின் இடத்தை விரல் தானே அறியும். கண்ணாடியில் வரைந்த பொத்தானின் இடத்தைக் கண்தான் விரலுக்குக் காட்ட வேண்டும். தொட்டபின் கருவி சிறிது அதிர்ந்து காட்டுவதுண்டு. ஆனால் தொடுமுன் வழிகாட்டுவதில்லை. காண வேண்டிய திரையையே விரல் மறைக்கிறது என்பது இன்னொரு சங்கடம். கட்டைவிரல் பிழையின்றித் தொடுவதற்கு ஓர் இலக்கு ஏறத்தாழ 9.2 மில்லிமீட்டர் அகலமேனும் இருத்தல் நலம் என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. துப்பாக்கி விளையாட்டொன்றில் நடக்க, குனிய, குதிக்க, குறிபார்க்க, சுட என்று பத்துக்கு மேற்பட்ட வட்டங்களைத் திரையில் வரைந்தால் காட்சிக்கு இடம் ஏது?

பப்ஜி என்ற விளையாட்டை நம் பிள்ளைகள் அறிவர். 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தது, 2021இல் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் அது திரும்பிற்று. அதில் தேர்ந்தவர்கள் கட்டைவிரல் இரண்டு போதாமல், சுட்டுவிரல்களையும் நண்டின் கொடுக்குப்போல் வளைத்துத் திரையின் மேல்விளிம்பில் வைக்கின்றனர். வியர்வை பட்டால் கண்ணாடி தடுமாறும் என்பதால் விரலுக்கு மெல்லிய துணியுறை அணிவோரும் உளர். அத்துணியில் மின்கடத்தும் இழை நெய்யப்பட்டிருக்கும். பொத்தானை எடுத்துவிட்டு, அதன் குறையை நிரப்ப விரலுக்குச் சட்டை தைத்த கதை இது.

தமையனார் மகளே இதற்குச் சான்று. ஓர் ஆலையில் பணி. அறையில் ஆறு பெண்கள். இரவில் ஒருமணி, ஒன்றரைமணி நேரம் நால்வர் அணியாகச் சேர்ந்து ஆடுவார்கள். வீட்டை விட்டு வந்த பெண்களுக்கு அது பேச்சுத்துணையும் ஆகும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து நம் இல்லத்திற்கு வந்தவள், காபிக் குவளையை இடக்கையால் எடுத்தாள். "வலக்கைக்கு என்னம்மா?" என்றோம். "ஒண்ணுமில்லை சித்தப்பா, கட்டைவிரலை மடக்கினா மணிக்கட்டுல சுளீர்னு இழுக்குது" என்றாள். மருத்துவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலை இயக்கும் நரம்புநாண்களின் உறை வீங்கியிருக்கிறது என்றார். டி குவர்வேன் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவரின் பெயரால் வழங்கும் நோய் அது. குழந்தையை ஓயாது தூக்கும் தாய்மாருக்கும் வரும். 200 கிராம் எடையுள்ள கருவியைச் சிறுவிரலில் தாங்கி, கட்டைவிரலை அந்தரத்தில் நிறுத்தி ஆடுவோருக்கும் வரும். நாள் முழுதும் கையால் பிழைக்கும் பெண்ணுக்கு இது விளையாட்டுச் செய்தியன்று. கை போனால் கூலி போகும். மூன்று வாரம் பட்டை கட்டி, விளையாட்டை நிறுத்தி, குணமானாள்.

பொத்தான் இருந்தால் மட்டும் எல்லாம் நலம் என்று எண்ணிவிடவும் கூடாது. அதே நோக்கியா நிறுவனத்தார் 2003இல் என்-கேஜ் என்ற விளையாட்டுக் கைப்பேசியை வெளியிட்டனர். பொத்தான்களுக்குக் குறைவில்லை. ஆனால் திரை அகலத்தைவிட உயரம் மிகுந்தது. ஓட்டப்பந்தய வண்டிக்கு முன்னே சாலை இருக்கும், பக்கம் இராது. விளையாட்டு அட்டையை மாற்ற மின்கலத்தைக் கழற்ற வேண்டும். பேசுவதற்கோ கருவியின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். அப்பம் ஒன்றைக் காதில் வைத்திருப்பதுபோல் தோன்றும் என்று உலகம் நகைத்தது. அதற்கு முன்பே, 1982இல் ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்துக் குன்பெய் யோகோய் சிலுவை வடிவத் திசைப்பொத்தானை அமைத்திருந்தார். 1989இல் வந்த கேம் பாய் கருவியும் அதையே இடப்புறம் தாங்கிற்று. அதன் திரை மங்கியது, வண்ணமற்றது. ஆயினும் கோடிக்கணக்கானோர் ஆடினர். திரை ஏழையானாலும் விரல் தன் இடத்தில் குடியிருந்தது என்பதே நம் கருத்து.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்கு நின்றுகொண்டே செல்லும் பேருந்துப் பயணத்தை எண்ணுங்கள். ஒரு கை மேற்கம்பியில். மறு கையில் 1100. நிறுத்தம் வந்ததா என்று நடத்துநரின் குரலைக் கேட்டவாறே பாம்பை ஓட்டலாம். துப்பாக்கி விளையாட்டுக்கு இரு கையும் வேண்டும், இரு கண்ணும் வேண்டும், காதுக்கும் ஒலிக்கருவி வேண்டும். பிள்ளை கூப்பிட்டால் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வருந்தும் தாய்மார், அவன் மனத்தை மட்டும் குறை கூறுதல் முறையன்று. பார்வையை எடுத்த கணமே தன் விரல் எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. (பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்தது, அது வேறு வழக்கு.)

கண்ணாடிக்கென்றே பிறந்த விளையாட்டுகளும் உண்டு. 2009இல் வந்த ஆங்ரி பேர்ட்ஸில் உண்டிவில்லை இழுத்து விடுவது போல் விரலால் இழுத்து விட்டால் போதும். 2016இல் நம் நாட்டார் வெளியிட்ட லூடோ கிங்கில் பகடையை ஒருமுறை தொட வேண்டும். காயை ஒருமுறை தொட வேண்டும். அவசரம் இல்லை; விரல் அந்தரத்தில் நிற்க வேண்டியதும் இல்லை. 2020 ஊரடங்கில் வீடுதோறும் அது பரவியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்த அந்த மூன்று வாரத்தில்தான் மகள் இதைக் கண்டுபிடித்தாள். கைப்பேசியைத் தரையில் பாய்மீது மல்லாக்க வைத்தாள். தமையனாரின் விரல் நுனியைத்தான் கண்ணாடி அறியாது. விரலின் மேற்புறத்துக் கணுவை அறிந்தது, அங்கே தோல் காய்த்திருக்கவில்லை. கதவைத் தட்டுவதுபோல் கணுவால் தட்டினார், பகடை உருண்டது. தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவர் அவர். "கைக்குள்ள வச்சு உருட்டாத கட்டை என்ன கட்டை? இது எனக்கு ஆறு போடவே மாட்டேங்குது" என்று இப்போதும் முணுமுணுக்கிறார். ஆனால் சனிக்கிழமை இரவுகளில் திண்ணைக்குப் போவதில்லை. நான்கு பேர் பாயைச் சுற்றி அமர்கின்றனர். பச்சைக் காய் எப்போதும் அவருக்கே.