ஒன்று முதல் எட்டு வரை

ஒன்று முதல் எட்டு வரை உள்ள எண்களைப் பெருக்கினால் 40,320 வரும். இதற்குக் கணிப்பொறி வேண்டியதில்லை. காகிதமும் பென்சிலும் போதும். ஆனால் கார்டன் ரீச்சில் எங்கள் அடுத்த வீட்டுத் தம்பி, இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவன், தன் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதே கணக்கைப் போட்டபோது திரையில் வந்த விடை என்ன தெரியுமா? மைனஸ் 25,216! அதே நிரலைத் தன் கைப்பேசியில் இட்டுப் பார்த்தான். சரியான விடை வந்தது. "அக்கா, காலேஜ் கம்ப்யூட்டருக்கு வாய்ப்பாடு தெரியாதா?" என்று என்னிடம் கேட்டான்.

நண்பர்களே, கணிப்பொறி பாவம். அதில் ஓடுவது டர்போ சி பிளஸ் பிளஸ் என்னும் மென்பொருள். போர்லாண்ட் நிறுவனம் அதை முதலில் வெளியிட்டது 1990-ல். அன்றைய டாஸ் இயந்திரங்களுக்கு ஏற்ப, சாதாரண முழு எண்ணுக்கு அது 16 பிட் இடமே ஒதுக்கும். எண் 32,767-ஐத் தாண்டினால் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். தன் நாளில் அது நல்ல கருவிதான். ஆனால் அம்மொழிக்கு உலகப் பொதுத் தரம் வகுக்கப்பட்டதே 1998-ல் அன்றோ? இன்றைய 64 பிட் விண்டோஸில் அது நேராக ஓடவும் ஓடாது. டாஸ்பாக்ஸ் என்று ஒரு போலிப் பழைய இயந்திரத்தை உள்ளே எழுப்பி, அதற்குள் இதை ஓட்டுகிறார்கள். மாடி வீட்டுக் கூடத்தில் குடிசை போட்டுக் குடியிருப்பது போல!

பழையது என்பதற்காக நான் முகம் சுளிப்பவள் அல்லள். இயற்பியல் மாணவியாகிய நான் 1957-ல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில்தான் நாள்தோறும் வேலை செய்கிறேன். ஆனால் அதற்கு 2023-லும் புதிய தரம் வகுத்தார்கள். முதியவர் வேறு, நின்றுபோன கடிகாரம் வேறு.

இதுவும் எந்த ஊரில் நடக்கிறது? பாராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955-ல் இங்கிலாந்திலிருந்து கணிப்பொறி வந்து இறங்கிய ஊரில். 1966-ல் அக்கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து தாமே ஒரு கணிப்பொறியைச் செய்து முடித்த ஊரில். கருவி கிடைக்காத காலத்தில் கருவியையே செய்தார்கள். இன்று ஜி.சி.சி. என்னும் நல்ல கம்பைலர் காசில்லாமல் கிடைக்கிறது. அதை நிறுவத்தான் ஆளில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடத்திட்டம் அப்படி, வினாத்தாள் அப்படி, திருத்துபவரிடம் உள்ள மாதிரி விடையும் அப்படி. ஓர் ஆசிரியர் மட்டும் புதியதைக் கற்பித்தால் அடி விழுவது அவர் மாணவருக்கே. தம்பிக்கு அதுதான் நேர்ந்தது. தேர்வில் தலைப்பு வரியை 'டாட் எச்' என்ற ஒட்டு இல்லாமல் எழுதினான். 1998-க்குப் பின் அதுவே முறை. மூன்று மதிப்பெண் போயிற்று.

மூன்றுதானே என்பீர்கள். அவன் தந்தை துறைமுகத்தில் கூலி வேலை செய்கிறார். பையனின் உதவித்தொகை மதிப்பெண்ணில் தொங்குகிறது. வீட்டில் மடிக்கணிப்பொறி உள்ள பிள்ளை புதியதைத் தானே கற்றுக்கொள்வான். ஆய்வுக்கூடத்தையே நம்பி வந்தவன் என்ன செய்வான்? பட்டம் வாங்கி வேலைக்குப் போய் நிற்கும் நாளில் அங்கே எவரும் டர்போவைக் கேட்கப்போவதில்லை.

ஆகவே ஞாயிறுதோறும் அவனுக்கு இரண்டையும் சொல்லித் தருகிறேன். நோட்டின் இடப்பக்கம் தேர்வுக்கு, வலப்பக்கம் வேலைக்கு. ஒரே மொழிக்கு இரண்டு இலக்கணம்! அவன் சிரித்துக்கொண்டே எழுதுகிறான். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

அவன் கல்லூரியும் நம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததே. பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். பாடத்திட்டம் மாறும் வரையில், 1998-ஆம் ஆண்டுத் தரப்படி எழுதிய விடைக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும் என்பது ஒன்றுதான் அதில் உள்ள கோரிக்கை. கணிப்பொறித் துறை நண்பர்கள் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நலம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன்.