பக்கத்து நாட்டுத் தீ

2013 ஜூன் 21 நண்பகல், சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே அபாயம். ஆபீஸில் முகக்கவசத்தோடு கோட் எழுதிக்கொண்டிருந்தோம். எதிர்க் கட்டடம் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அவங்க எரிக்கிறாங்க, நாம இருமுறோம்" என்றேன். ஈப்போக்காரரான சக ஊழியர் சிரித்தார். "எரியறது சுமத்ரா. தோட்டம் யார் யாரோடதுன்னு பாத்தீங்களா?"

பார்த்தேன். செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசிய முதலோடு மலேசிய, சிங்கப்பூர் முதலும் இருந்தது. சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால், காய்ந்த கரிமண் தரைக்கடியில் வாரக்கணக்கில் புகையும்.

அதன் பிறகுதான் ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தத்தைத் தேடி வாசித்தேன். 1997-இன் பெரும்புகை தந்த பாடம் அது. 2002 ஜூனில் கோலாலம்பூரில் பத்து நாடுகளும் கையெழுத்திட்டன. ஆறு நாடுகள் உறுதிசெய்ததும் 2003-இல் அமலுக்கு வந்தது. தீ எரிகிற இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது 2014-இல்தான். கண்காணிப்பு, தகவல் பகிர்வு, உதவி எல்லாம் உண்டு. மீறினால் தண்டனை கிடையாது. தகராறு வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீயணைக்க ஆள் அனுப்பக்கூட அந்த நாடு சம்மதிக்க வேண்டும்.

முதல் வாசிப்பில் கடுப்பாக இருந்தது. ஆனால் ஆசியானில் முடிவுகள் ஓட்டெடுப்பில் வருவதில்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடக் கூடாது. தண்டனை என்ற ஷரத்து இருந்திருந்தால் பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டிருப்பார்களா? சந்தேகம்தான்.

பொறுமையிழந்த சிங்கப்பூர் 2014-இல் தனிச்சட்டம் போட்டது. வெளிநாட்டில் தீ வைத்துப் புகை அனுப்பும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், மொத்தம் 20 லட்சம் வரை. பல் உள்ள சட்டம். ஆனால் எரிகிற நிலம் யாருடையது என்று நிரூபிக்க குத்தகை வரைபடம் வேண்டும், சாட்சி வேண்டும். அவை இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம். கறாரான சட்டமும் கடைசியில் அந்தப் பல்லில்லாத ஒத்துழைப்பிடம்தான் போய் நிற்கிறது.

2015-இல் மறுபடி பெருந்தீ. அடுத்த வருஷம் இந்தோனேசியா கரிமண் நிலங்களை மீட்கத் தனி அமைப்பு தொடங்கியது. வெட்டிய வாய்க்கால்களை அடைத்து நிலத்தை நனைக்கிற வேலை. 2019-இல் புகை திரும்பவும் வந்தது. அதற்காக அந்த வேலை வீண் என்று சொல்ல மாட்டேன். வாய்க்காலை அடைக்க வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களோடு பேசிக்கொண்டே இருப்பதைத் தவிர, செம்பனை எண்ணெயில் அப்பளம் பொரிக்கிற நமக்கு வேறு வழியில்லை.