நட்சத்திரங்களை ஒழிப்பது எப்படி

முதல் நட்சத்திரத்தைப் பார்த்த இரவு படமெடுத்து நண்பர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, சாம்பல் நிறம். காசு கொடுத்து வாங்கியதில்லை. பவளம் ஒட்டியிருந்த கல்லோடு என் உப்புநீர்த் தொட்டிக்குள் வந்திருந்தது. மூன்று மாதம் கழித்து, விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்து எண்ணினேன். முன்கண்ணாடியில் மட்டும் 64.

ஆஸ்டெரினா என்று பெயர். பெருகுவதற்கு இதற்குத் துணை வேண்டியதில்லை. உடல் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியும் மீதிக் கைகளை வளர்த்துக்கொள்ளும். அதனால்தான் கைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரும்பாலும் பாசியைத்தான் மேயும். ஆனால் என் ஸோவாந்திட் பவளத்தின்மேல் ஒருநாள் இரண்டு உட்கார்ந்திருந்தன. மறுநாள் பவளம் விரியாமல் மூடியே கிடந்தது. எனக்கு அந்தச் சாட்சி போதும்.

தினமும் இரவு இடுக்கியோடு உட்கார்ந்தேன். எடுத்ததை எண்ணி எக்செலில் போட்டேன். வேலையில் பழகிய புத்தி. கோடு இறங்கவேயில்லை.

பிறகு ஹார்லிக்வின் இறால் ஒரு ஜோடி வாங்கினேன். அதற்கு நட்சத்திர மீன்தான் சாப்பாடு. இரண்டும் சேர்ந்து இரையைப் புரட்டிப்போட்டு, கை நுனியிலிருந்து உள்நோக்கித் தின்னும். ஏழே வாரம். கோடு பூஜ்யத்தைத் தொட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் உறைத்தது: இனி இறால்களுக்கு என்ன போடுவது?

கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். பெரிய நட்சத்திர மீன் ஒன்று வாங்கி, அவ்வப்போது ஒரு கையை வெட்டிப் போடலாம். மிச்சத்தைத் தனித்தொட்டியில் உயிரோடு வைத்திருக்கலாம். அவர் காட்டியது முதுகெல்லாம் கறுப்பு முண்டுகள் வைத்த இனம். பள்ளியில் படிக்கும்போது உபின் தீவின் செக் ஜாவாவில் பார்த்திருக்கிறேன். 2001 இறுதியில் நில மீட்புத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டதால் பிழைத்த கடற்கரை அது. அங்கே அதை மிதித்துவிடக் கூடாதென்று காலைப் பார்த்துப் பார்த்து வைத்தோம். இங்கே விலை கேட்டு வாங்கினேன்.

சமையலறையில் வைத்து ஒரு கையை வெட்டினேன். துண்டான பிறகும் அதன் அடியில் சின்னச் சின்னக் குழாய்க்கால்கள் அசைந்துகொண்டிருந்தன. அம்மா பின்னால் நின்றிருந்தார்.

"நானும்தான் மீன் வெட்டுறேன். ஒரே வெட்டு, முடிஞ்சிரும். இது என்னடா, தவணை கட்டுற மாதிரி?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு எக்செலைத் திறந்தேன். நட்சத்திரங்களை எண்ணியிருந்தேன், நான் போட்ட தீனியை எண்ணவேயில்லை. ஒரு நாளைக்கு மூன்று வேளை, மீன் தின்றதுபோக மிச்சமெல்லாம் பாசிக்கு உரம். பாசி நட்சத்திரங்களுக்குச் சாப்பாடு. அத்தனை பேரையும் விருந்துக்குக் கூப்பிட்டது நான்தான்.

தீனியைப் பாதியாகக் குறைத்தேன். தொட்டி நிறைய ஆஸ்டெரினா வைத்துக்கொண்டு புலம்பிய ஒருவருக்கு இறால்களைக் கொடுத்துவிட்டேன். போன வாரம் என் கண்ணாடியில் மறுபடியும் இரண்டு தென்பட்டன. இடுக்கியைத் தேடவில்லை.

நாலு கை நட்சத்திரம் இன்னும் தனித்தொட்டியில் இருக்கிறது. பவளத்தோடு விட்டால் பவளத்தைத் தின்றுவிடும்; கடையிலிருந்து வந்ததைக் கடலிலும் விடக் கூடாது. வெட்டிய இடத்தில் ஏதாவது முளைக்கிறதா என்று காலையில் காப்பியோடு போய்ப் பார்ப்பது அம்மாதான்.